சொல்லாமல் விட்ட கதவு

"என் கையில என்ன குறை கண்டீங்க டீச்சர்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

மெஹருன்னிசா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"குறைன்னு யாருங்ணா சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. ஆனா சின்னப் பெட்டி எது வந்தாலும் ஜெசிந்தா மேசைக்குப் போகுது. பெரிய பெட்டி எது வந்தாலும் என் தலைக்கு வருது. அவளுக்கு முன்னாடி வந்தவன் நான்."

கோயம்புத்தூரில், சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், மாடியில் ஒரு நீளமான அறை. மெஹருன்னிசா அங்கே, கேட்பவர்களுக்கு ஏற்ற அளவுப் பெட்டியில், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவார். செய்யவும் கற்றுத் தருவார்.

சென்னியப்பன் அவரை விட வயதில் மூத்தவர். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்தபின் அதை மூடிவிட்டு இங்கே கற்றுக்கொள்ள வந்தார்.

ஜெசிந்தா பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அவள் விரல்கள் பேசும்.

"பெரிய பெட்டியில என்ன கஷ்டம்?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. அதுதான் என் வருத்தம். கை முழுசா உள்ள போகும். காத்து தானாப் போகும். நாளைக்கு ஒரு டிஸ்க்கு சேர்க்கணும், பெரிய கார்டு போடணும்னாலும் இடம் கிடக்கும். யார் வேணா செய்யலாம்."

"சின்னதுல?"

"ஒரு கேபிள் தப்பா மடிஞ்சாலும் மூடி மூடாது. கார்டு ஒரு விரல் நீளம் கூடினாலும் உள்ள போகாது. எதை முதல்ல வைக்கணும்கிறது தப்பினா எல்லாத்தையும் கழட்டணும். அதுலதாங்க ஒருத்தன் கை தெரியும்."

மெஹருன்னிசா மேசை மேல் இருந்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரு முகவரி இருந்தது.

"நித்திலான்னு ஒரு பொண்ணு. கணபதி ஏரியாவுல வீடு. புது கம்ப்யூட்டர் வேணுமாம். போய்ப் பார்த்துட்டு வாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பார்த்துட்டு வாங்கண்ணா."

சென்னியப்பன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். படியில் இறங்கும்போதே கசந்தது. அவளை உட்கார வைத்து வேலை. என்னை வெளியே துரத்தினால் போதும்.

*

அவருக்கு இந்தக் கசப்பு புதிதல்ல.

ஜெசிந்தா ஒரு சின்னப் பெட்டியை முடித்து மூடியை மூடும் நேரம், கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு டிபன் கேரியர் உயரம் கூட இருக்காது. அதற்குள் இவ்வளவுமா என்பார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

சென்னியப்பன் செய்த பெட்டியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. "ஆட்டோ வந்துருச்சா? தூக்க ஆள் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில், யாருக்கும் தெரியாமல், ஒரு பழைய சின்ன கேபினெட்டை வாங்கி வைத்துப் பழகிப் பார்த்தார். தகட்டு விளிம்பு விரலைக் கிழித்தது. மறுநாள் கடையில் ஜெசிந்தா கேட்டாள்.

"கையில என்னங்ணா கட்டு?"

"வெங்காயம் அரிஞ்சேன்" என்றார்.

*

நித்திலாவின் வீடு ஒரே ஹால். ஒரு பக்கம் சமையல். ஒரு பக்கம் பாய், துணி. நடுவில் ஒரு வெறும் சுவர், அதற்கு எதிரே ஒரு கேமரா.

"இதென்ன அம்மிணி, ஸ்டுடியோ மாதிரி?"

"காது கேக்காத பசங்களுக்கு வகுப்புங்ணா. காலேஜ்ல லெக்சரர் பாடம் நடத்துவாங்க. அதைக் கேட்டு நான் இங்க நின்னு சைகையில சொல்லுவேன். பாடம் ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்து பசங்களுக்குப் போகும்."

"இப்ப என்ன பிரச்சினை?"

"லேப்டாப் திணறுது. வேகமா கையை ஆட்டினா படம் கலங்கிருது. பசங்க என்ன சொன்னேன்னு தெரியாம முழிக்கறாங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய குழந்தை தவழ்ந்து வந்து கேமராவின் ஒயரைப் பிடித்து இழுத்தது. நித்திலா ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் கேமராவையும் பிடித்தாள்.

"இவளாலதாங்ணா பயம். ஓட்டை எது கண்டாலும் எதையாவது திணிப்பா. கம்ப்யூட்டரை இந்த அலமாரியோட கீழ்த்தட்டுல வெச்சுக் கதவைச் சாத்திருவேன்."

சென்னியப்பன் அலமாரியைப் பார்த்தார். சுவரில் பதித்த சிமென்ட் தட்டுகள். தட்டுக்குத் தட்டு கெட்டியான மரக்கதவு. இடுக்கே இல்லை.

அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இதுக்குள்ள வெச்சு மூடினா எந்தப் பெட்டியும் மூச்சு விடாது.

"சின்னது போதுமாங்ணா, பெரிசு வேணுமா?" என்று கேட்டாள் நித்திலா.

"டீச்சர் சொல்லுவாங்க அம்மிணி."

*

"வீடு எப்படிங்ணா?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"சின்ன வீடுங்க. அந்தப் பொண்ணு கையை நீட்டி நிக்கவே இடம் பத்தாது."

"கம்ப்யூட்டரை எங்க வைப்பாங்களாம்?"

"அலமாரியில."

"அப்ப சின்னதுதான்" என்று மெஹருன்னிசா திரும்பினார். "ஜெசி, நீ எடுத்துக்கோ."

சென்னியப்பனின் நாக்கு நுனியில் ஒரு சொல் இருந்தது. அதற்குள் ஜெசிந்தாவின் பெயர் காதில் விழுந்தது.

மெஹருன்னிசாவின் போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

அந்தச் சொல்லைச் சென்னியப்பன் விழுங்கினார்.

*

ஜெசிந்தா அந்தப் பெட்டியை மிகுந்த கவனத்தோடு செய்தாள். சின்ன மதர்போர்டு. உயரம் குறைந்த ஃபேன். கிராபிக்ஸ் கார்டு பக்கத்துத் தகட்டை ஒட்டி நின்றது. காற்று நுழைய அந்தப் பக்கம் மட்டும்தான் வழி.

வேலை பாதியில் அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, நீங்கதான வீட்டைப் பார்த்தீங்க. பெட்டியைச் சுத்திக் காத்து வருமா?"

கேள்வி நேராக வந்தது. வழி விட்டு ஒதுங்க முடியாதபடி வந்தது.

"வீட்டுல ஜன்னல் இருக்கு" என்றார் சென்னியப்பன்.

ஜன்னல் இருந்தது உண்மை.

"அது போதும்ணா" என்று சொல்லி ஜெசிந்தா மறுபடியும் குனிந்தாள்.

நித்திலாவின் கணவர் வந்து பெட்டியை ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். போகும்முன் அதை ஒரு போட்டோ எடுத்தார்.

*

பரீட்சை நெருங்கிய வாரத்தில் நித்திலா போன் செய்தாள். எடுத்தது ஜெசிந்தா.

கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

வகுப்பு நடக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி அணைந்தது. பரீட்சைக்கு முன்னால் நடக்கிற கடைசிப் பாடங்களில் ஒன்று. பாதியில் நித்திலாவின் கைகள் மறைந்துவிட்டன. லெக்சரர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்குத் தெரியாது. பசங்கள் கறுத்துப்போன கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஒரு பையன் மெசேஜ் அனுப்பியிருக்கான்" என்றாள் ஜெசிந்தா. "'எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களா அக்கா'ன்னு."



"என் தப்புதாங்க டீச்சர். நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

சென்னியப்பனுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அவர் எவ்வளவோ நாள் காத்திருந்த வாக்கியம் அது. அவள் வாயாலேயே வந்தது.

அடுத்த மூச்சில் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை.

"நான் போறேன் டீச்சர்" என்றார். "நான் செஞ்ச பெரிய பெட்டி ஒண்ணு ரெடியா இருக்கு. அதைக் கொண்டு போய் வெக்கறேன். அது எப்பவும் நிக்காது."

மெஹருன்னிசா அவரையே பார்த்தார். கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"சரிங்ணா" என்றார்.

*

மறுநாள் காலை, ஆட்டோவில் பெரிய பெட்டி அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்து வந்தது. மேடு பள்ளத்தில் அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நித்திலா கதவைத் திறந்தாள். தூங்காத கண்கள்.

"வாங்ணா. இன்னும் கொஞ்ச நேரத்துல வகுப்பு."

பெரிய பெட்டி அலமாரிக்குள் போகவில்லை. தரையில் வைத்தால் குழந்தை. கடைசியில் ஒரு உயரமான ஸ்டூலில், நித்திலா நிற்கும் வெறும் சுவரை ஒட்டி வைத்தார்கள். வேறு இடம் இல்லை.

சென்னியப்பன் ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் ஓடும் சத்தம் கூடக் கேட்கவில்லை. கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

"பார்த்தீங்களா அம்மிணி? நாள் பூரா ஓடினாலும் இப்படித்தான் இருக்கும்."

"சந்தோஷம்ணா" என்றாள் நித்திலா. கேமரா முன்னால் போய் நின்றாள்.

சென்னியப்பன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சமையல் பக்கம் உட்கார்ந்தார். ஸ்கிரீன் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். எல்லா முகமும் நித்திலாவின் கையையே பார்த்தன.

லெக்சரரின் குரல் வந்தது. நித்திலா கையைத் தூக்கினாள்.

இடது முழங்கை பெட்டியில் இடித்தது.

அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். இப்போது வலது கை கேமராவுக்கு வெளியே போனது. மறுபடியும் நடுவில் வந்தாள். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு முன்னால் மட்டும் விரல்களை அசைத்தாள்.

ஒரு கட்டத்தில் ஒரு பெண் நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு கட்டத்தில் ஒருவன் ஸ்கிரீனுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டு வந்தான். பிறகு ஒவ்வொருவராகக் கையை அசைத்து ஏதோ கேட்டார்கள்.

லெக்சரர் இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"என்ன கேக்கறாங்க அம்மிணி?"

நித்திலா தயங்கினாள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று தயங்குவது தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங்ணா. ஏன் இன்னைக்கு முணுமுணுக்கறீங்கன்னு கேக்கறாங்க."

"நீங்க வாயே திறக்கலையே?"

"கையைக் குறுக்கிப் பேசினா அவங்களுக்கு அது முணுமுணுப்புதாங்ணா."

சென்னியப்பன் எழுந்தார். குழந்தையைப் பாயில் விட்டார். அவரே செய்த பெட்டியை, அவரே ஸ்டூலோடு சேர்த்து நகர்த்திப் பார்த்தார். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது அவளுடைய ஏதோ ஒரு கையை எடுத்துக்கொண்டது.

அவர் அலமாரிக் கதவைத் திறந்தார். சின்னப் பெட்டி உள்ளே இருந்தது. ஜெசிந்தா மடித்த கேபிள்கள் தகட்டின் துளைகள் வழியே தெரிந்தன. ஒன்றுகூடப் பிதுங்கவில்லை, ஒன்றுகூட நெருக்கவில்லை. எடுத்து ஓட்டிப் பார்த்தார். எதிலும் பழுதில்லை.

"மேல்தட்டுல என்ன இருக்கு அம்மிணி?"

"சீர்ப் பாத்திரங்ணா. எடுக்கறதே இல்ல."

"குழந்தைக்கு எட்டுமா?"

"எனக்கே எட்டாது."

வகுப்பு முடிந்ததும் பாத்திரங்களை இறக்கிக் கீழ்த்தட்டில் வைத்தார்கள். சென்னியப்பன் மேல்தட்டுக் கதவின் கீல்களைக் கழற்றிக் கதவைத் தனியே எடுத்தார். சின்னப் பெட்டியை அங்கே வைத்தார். ஒயர்களைச் சுவரோடு உயரமாகக் கொண்டு போனார்.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இவ்ளோதானாங்ணா?" என்று கேட்டாள் நித்திலா.

"இவ்ளோதான்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். சென்னியப்பன் கழற்றிய கதவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெசிந்தா செஞ்ச பெட்டியில தப்பில்ல அம்மிணி" என்றார். "கதவு சாத்தினா சூடாகி நின்னுரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

நித்திலா அவரைப் பார்த்தாள். மனிதர்களின் முகத்தைப் படிப்பது அவள் வேலை.

"அந்தப் பையன் இன்னைக்கு வகுப்புக்கு வரலீங்ணா" என்றாள். "மெசேஜ் போட்டானே, அவன்."

*

சாயங்கால வகுப்பு முடியும் வரை சென்னியப்பன் அங்கேயே இருந்தார். பெட்டி அணையவில்லை. நித்திலா இரண்டு கைகளையும் முழுக்க விரித்தாள்.

அந்தப் பையன் பாதி வகுப்பில் வந்தான். கட்டத்தில் அவன் முகம் தோன்றியதும், நித்திலா பாடத்தை விடாமலேயே, இடையில் ஒரு சின்ன அசைவு செய்தாள். அது பாடத்தில் இல்லை என்பது சென்னியப்பனுக்குக் கூடப் புரிந்தது. பையன் தலையைக் குனிந்து சிரித்தான்.

பிறகுதான் அவர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கடையில் ஜெசிந்தா இன்னும் போகவில்லை. தான் சமீபத்தில் செய்த இன்னொரு சின்னப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹருன்னிசா தன் மேசையில் ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்து ஜெசி" என்றார் சென்னியப்பன். "உன் பெட்டியில ஒண்ணுமில்ல. அந்த அலமாரிக்குக் கதவு இருக்கு. மூடித்தான் வைப்பேன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லுச்சு. நீ கேட்டப்போ நான் ஜன்னலைச் சொன்னேன்."

ஜெசிந்தாவின் கை ஸ்க்ரூ மேலேயே நின்றது.

"ஏங்ணா?"

"பொறாமை."

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யார் இருக்கா இங்க?"

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணும் நிறைந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு.

"நேத்து முழுக்க நான் சாப்பிடல, தெரியுமாங்ணா? அந்தப் பையன் கேட்டதே காதுல கேட்டுட்டு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "என் மேல என்னங்ணா பொறாமை? நான் இந்த மேசையை விட்டு எந்திரிச்சதே இல்ல. யார் வந்து கேட்டாலும் டீச்சர் உங்களைத்தான் அனுப்பறாங்க. நீங்க ஹெல்மெட் எடுக்கறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும்."

"எதுக்கு?"

"வந்து சொல்லுவீங்களே. இந்த வீட்ல இப்படி ஒரு பாட்டு வாத்தியார், அந்த வீட்ல அப்படி ஒரு கிளி. நான் செஞ்ச பெட்டி எல்லாம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. யார் தொடறாங்கன்னும் தெரியாது."

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் அந்தக் கிளியைப் பற்றி எப்போதோ போகிற போக்கில் சொன்னதுதான். அவள் அதை வைத்திருந்திருக்கிறாள்.

அவர் மெஹருன்னிசா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இனிமே என்னை எந்த வீட்டுக்கும் அனுப்பாதீங்க."

"ஏனுங்ணா?"

"கண்ணுல பட்டதைச் சொல்லாதவன் போய் என்ன பிரயோஜனம்?"

மெஹருன்னிசா சுற்றிய கேபிளை மேசையில் வைத்தார். எழுந்து போய், ஜெசிந்தாவின் மேசையில் இருந்த வெறும் சின்ன கேபினெட் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து சென்னியப்பனின் முன்னால் வைத்தார்.

அவர் இத்தனை நாள் கேட்டது அதுதான். அவர் அதைத் தொடவில்லை.

பிறகு மெஹருன்னிசா ஒரு முகவரிச் சீட்டை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில சிங்காநல்லூர்ல ஒரு வீடு. சின்னதா பெரிசான்னு அவங்களுக்கே தெரியல. நீ போ."

ஜெசிந்தா சீட்டை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பயந்துவிட்டாள்.

"அங்க போய் நான் என்ன டீச்சர் பார்க்கணும்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் மெஹருன்னிசா. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனார். சென்னியப்பன் உட்கார்ந்திருந்த மேசையின் விளக்கை மட்டும் விட்டார். "அண்ணனைக் கேளு."

ஜெசிந்தா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.